வீட்டு அபாயக் கழிவுக்கு ஒப்படைப்பு மையம்: திறக்கும் முன் என்னென்ன விதி வேண்டும்?

வளவு ஆச்சி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பேரூராட்சியின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கும் முன் இங்கே போட்டு நாலு பேர் கருத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். பழைய பெயின்ட், வார்னிஷ், பூச்சிமருந்து, டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை, ஊசி இதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க ஊருக்குள் ஓர் ஒப்படைப்பு மையம் வேண்டும். புதிதாக எதையும் கேட்கவில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது இருந்தது. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம், ஊர் அதைவிடச் சின்னதாக இருந்தாலும் ஒன்று, எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்ற அறிவிப்பு, எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று வந்த புதிய விதிகளில் குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும்: ஈரமானது, உலர்ந்தது, நாப்கின் டயப்பர் வகை, அப்புறம் தனிக் கவனம் தேவைப்படுவது. பெயின்ட் டப்பா, பல்பு, பாதரச தெர்மாமீட்டர், மருந்து எல்லாம் அந்த நாலாவதில் வருகிறது. பிரிக்கச் சொல்லியாயிற்று. பிரித்ததை எங்கே கொடுப்பது?

நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில். அறுபதாம் ஆண்டு சாந்திக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். எங்கள் வீட்டில் சமீபத்தில் மூன்றாங்கட்டுச் (வீட்டின் பின்பகுதி) சாமான் அறையைக் காலி செய்தோம். கரையானுக்குப் போட எப்போதோ வாங்கிய கமாக்சின் டின் ஒன்று மூலையில் இருந்தது. அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, பொடி தரையில் வெள்ளையாகப் படிந்து, ஈரத்தில் கட்டிதட்டிப் போயிருந்தது. கதவைத் திறந்ததுமே நெடி. பி.எச்.சி. எனப்படும் அந்த மருந்துக்கு நம் நாட்டில் 1997-லேயே தடை வந்துவிட்டது. அதே அறையில் ஐயா காலத்துப் பாதரச பி.பி. கருவி, நிலைக்கதவுக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷ் டப்பாக்கள், ஓர் இன்வெர்ட்டர் பேட்டரி. பேட்டரிக்கு அன்றைக்கே ஆள் வந்துவிட்டது. மற்ற எதற்கும் ஆள் இல்லை. குப்பை வண்டியில் கேட்டால் பையில் கட்டிப் போடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையை அவிழ்க்கப் போவது யாரோ ஒருவருடைய கை.

மனுவில் இப்போதைக்கு எழுதியிருக்கும் நிபந்தனைகள்: மாதம் இரண்டு நாள் மையம் திறந்திருக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து மாதத்துக்கு 10 கிலோ வரை இலவசமாக வாங்க வேண்டும். கொடுப்பவர் பெயர், முகவரி எழுதி, வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர், ஒப்பந்தக்காரர் கழிவு கூடாது. இது போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று சொல்லுங்கள்.

திண்ணைவாசி

நல்ல முயற்சி ஆச்சி, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனை நிபந்தனை முதலிலேயே எதற்கு? பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய டிரம் ஒன்று வைத்து, மேலே எழுதிப் போட்டால் போதும். ஜனங்கள் பழகட்டும். விதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரசாயனம்

திண்ணைவாசி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் ஆள் இல்லாத டிரம் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கலக்கக் கூடாத இரண்டு பொருள் ஒரே தொட்டியில் விழுந்தால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் பாத்ரூம் கழுவும் ஆசிட் மிச்சத்தைப் போடுகிறார். அடுத்தவர் பிளீச்சிங் பவுடர் பையைப் போடுகிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. இன்னொருவர் பழைய செல்போன் பேட்டரியைப் போடுகிறார். அது நசுங்கினால் தானாகவே தீப்பிடிக்கும், பக்கத்தில் தின்னர் டப்பா இருந்தால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் அவரவர் வீட்டில் தனித்தனி மூலையில் இருந்தவரை ஓரளவு பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஊர் முழுவதும் உள்ளதை ஒரே இடத்தில் குவிக்கும்போதுதான் ஆபத்து பெரிதாகிறது. அதனால்தான் விதி முதலில் வர வேண்டும், மையம் அடுத்து.

ஆச்சி, உங்கள் நிபந்தனைகள் எல்லாம் கொடுப்பவரைப் பற்றியே இருக்கின்றன. வாங்குபவரைப் பற்றியும், வாங்கிய பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. நான் சேர்க்கச் சொல்வது இவை.

கூரை உள்ள இடம். சிமென்ட் தரை, நாலு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்க வேண்டும், எது கசிந்தாலும் அதற்குள்ளேயே நிற்கும்படி. ஊரணிக்கு மழைத்தண்ணீர் போகும் வரத்துக்கால் பக்கத்தில் கூடவே கூடாது. நம் ஊர்களை அமைத்தவர்கள் தெருத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் ஊரணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி வாட்டம் பார்த்து அமைத்திருக்கிறார்கள். தரையில் கொட்டும் எதுவும் ஒரு மழைக்குள் அங்கே போய்விடும். கமாக்சின் மாதிரி மருந்து மண்ணிலும் சேற்றிலும் பல வருஷம் அப்படியே தங்கும்.

ஆசிட் வகை, காரம் மற்றும் பிளீச் வகை, எளிதில் தீப்பிடிக்கும் பெயின்ட் தின்னர் வகை, பூச்சிமருந்து, பாதரசம் உள்ளவை, பேட்டரி ஆகியவை தனித்தனித் தட்டில் இருக்க வேண்டும். எந்த டப்பாவையும் மையத்தில் திறக்கக் கூடாது. ஒன்றில் உள்ளதை இன்னொன்றில் ஊற்றவே கூடாது. கசியும் டப்பாவை அப்படியே பெரிய டப்பாவுக்குள் இறக்கி மூட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இங்கிருந்து எங்கே போகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கவும் எரிக்கவும் அனுமதி பெற்ற இடங்கள் மிகக் குறைவு. கும்மிடிப்பூண்டியில் உள்ளது பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே கொண்டுபோக லாரி, பணம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டல் எல்லாம் வேண்டும். எடுத்துப்போக ஒப்பந்தம் கையில் இல்லாமல் மையத்தின் பூட்டைத் திறக்கக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் அது இன்னொரு மூன்றாங்கட்டுச் சாமான் அறை ஆகிவிடும்.

பழைய இரும்பு

வணக்கம் ஆச்சி. நான் காரைக்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ரசாயனம் ஐயா சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் தொழிலையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

வீடு காலி செய்கிறார்கள் என்றால் முதலில் வருவது நாங்கள். பித்தளை, இரும்பு, பேட்டரி, வயர், பழைய ஃபிரிட்ஜ், எல்லாம் எடை போட்டுக் காசு கொடுத்துத்தான் எடுக்கிறோம். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகிற பழஞ்சாமான் தனி. டியூப்லைட், பூச்சிமருந்து டப்பா, பெயின்ட் டப்பாவை யாரும் காசுக்கு எடுப்பதில்லை, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இப்போது மையம் வந்து பேட்டரியையும் அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டால் காசு வரும் சாமான் அங்கே போய்விடும், விஷம் உள்ளது மட்டும் வண்டியோரம் கிடக்கும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எங்கள் ஆட்களிலும் தப்பு செய்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. பேட்டரி ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. நான் ஆசிட்டோடு நிமிர்த்தி வைத்த பேட்டரியைத்தான் வாங்குவேன், படுக்கப் போட்டு ஏற்ற விடமாட்டேன்.

ரசாயனம்

நீங்கள் சொல்வது சரி தம்பி. பேட்டரிக்கு 2022-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. தயாரித்தவரே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். மின்னணுக் கழிவுக்கும் அதே ஏற்பாடு, 2023 ஏப்ரலிலிருந்து. ஆக, காசு பெறும் பொருளுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் முறையான இடத்துக்கு அனுப்புகிற கடை எது, கொல்லைப்புறத்தில் ஈயம் உருக்குபவனுக்கு விற்கிற கடை எது என்று பிரித்துப் பார்த்தால் போதும். ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேட்டரி வாங்கும் கடைகள் பேரூராட்சியில் பெயர் பதிந்து, யாருக்கு விற்றோம் என்ற ரசீதைக் காட்டினால் தொழிலைத் தொடரலாம் என்று எழுதலாம்.

பழைய இரும்பு

ரசீது காட்டத் தயார் ஐயா. பதிவை மட்டும் பக்கத்திலேயே முடிக்கிற மாதிரி வையுங்கள். அதற்காகச் சிவகங்கைக்கும் சென்னைக்கும் அலைய வைத்தால் ஒருத்தரும் பதிய மாட்டார்கள், எல்லாம் ராத்திரி வண்டியில் போகும்.

வாட்ச்மேன் மகள்

ஆச்சி, உங்கள் மனுவில் "வீட்டு உரிமையாளர் கையெழுத்து" என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா பெரிய வீடு ஒன்றைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குப் பங்காளிகள் நிறையப் பேர், ஒருவர்கூட ஊரில் இல்லை. பெருக்குவது, விளக்கேற்றுவது, ஒழுகும் ஓடு மாற்ற ஆள் கூப்பிடுவது எல்லாம் அப்பா. உள்ளே பழைய மருந்து டப்பா இருக்கிறது என்றால் அதைத் தூக்கப் போவதும் அவர்தான். கையெழுத்துக்கு அவர் யாரிடம் போவார்? கையெழுத்து இல்லை என்று மையத்தில் திருப்பி அனுப்பினால் டப்பாவோடு சைக்கிளில் திரும்பி வர வேண்டும். அவரே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு இது தடை செய்த மருந்து, எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வாங்கியவர் அவர் இல்லை. என்ன மருந்து என்றுகூட அவருக்குத் தெரியாது.

விதி போடுகிறவர்கள் வீட்டுக்காரரே காரில் கொண்டு வருவார் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். நம் ஊரில் கொண்டு வருவது வாட்ச்மேன், சமையல்காரம்மா, கொத்தனார். அவர்களுக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள் ஆச்சி, கெஞ்சிக் கேட்கிறேன்.

வளவு ஆச்சி

நீ சொன்னதை வரிக்கு வரி எடுத்துக்கொள்கிறேன் அம்மா. உரிமையாளர் கையெழுத்து என்பதை எடுத்துவிடுகிறேன். கொண்டு வருபவர் தெருப் பெயரும் பொருளின் வகையும் மட்டும் சொன்னால் போதும். தடை செய்த பொருளாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்க வேண்டும், அதைக் கொடுத்ததற்காக யார் மீதும் நடவடிக்கை கூடாது என்று தனியாக ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்.

கடல்கடந்தவன்

கேள்வி கேட்காமல் வாங்குவது மிகவும் முக்கியம். நான் பள்ளத்தூர்க்காரன், இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நடத்தும் மையத்துக்கு முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போவோம். காரை விட்டு இறங்கக் கூடாது. டிக்கியைத் திறந்துவிட்டால் கையுறை, கண்ணாடி, மேலங்கி போட்ட ஊழியர் வந்து எடுத்துக்கொள்வார். இந்தக் கவுண்டியில் குடியிருக்கிறோமா என்பதை மட்டும் பார்ப்பார்கள். ஒரு தடவைக்கு 15 காலன் அல்லது 125 பவுண்டுக்கு மேல் கொண்டு வரக் கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய 57 லிட்டர் அல்லது 57 கிலோ. ரோட்டில் அதற்கு மேல் தனிநபர் ஏற்றிப் போவது ஆபத்து என்பதால் அந்த வரம்பு.

இன்னொன்று. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவுக்குத் தொழிற்சாலைக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதே பெயின்ட், அதே தின்னர்தான். பெயின்ட் ஒப்பந்தக்காரர் கொண்டு வந்தால் விலக்கு இல்லை. அவருக்குத் தனி நாள், தனிக் கட்டணம். வீட்டுக் கழிவோடு அவருடையது கலந்துவிட்டால் மொத்தமும் சிக்கலாகும் என்பதால் வாசலிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

ஆச்சியின் 10 கிலோ வரம்பு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மாதா மாதம் நாலு பல்பு கொடுக்கிற ஃபிளாட் வீட்டுக்கு அது சரி. பத்து வருஷம் பூட்டிக் கிடந்து ஒரே நாளில் திறக்கிற வீட்டுக்கு எப்படிச் சரியாகும்?

பாலிஷ்காரர்

ஐயா சொன்ன ஒப்பந்தக்காரர் நான்தான். பழைய கதவு, நிலை, தூண் எல்லாவற்றிலும் அப்பிக் கிடக்கும் பெயின்ட்டைச் சுரண்டி, தேக்கு தெரிய மெருகு ஏற்றுவது என் வேலை. கல்யாண வீடு என்றால் முகப்பு முழுக்கச் செய்யச் சொல்வார்கள். ஹோட்டலாக மாற்றும் வீடுகளிலும் வேலை வரும்.

சுரண்டிய தூளும் மிஞ்சிய தின்னரும் யாருடையது? வீட்டுக்காரர் பணம் கொடுத்து வாங்கிய சாமான், அவர் வீட்டுக் கதவிலிருந்து வந்த தூள். வேலை என்னுடையது. மையத்தில் "ஒப்பந்தக்காரர் கழிவு கூடாது" என்று என்னைத் திருப்பினால் நான் என்ன செய்வது? இப்போது கோணிப்பையில் கட்டி ஊருக்கு வெளியே போகிற வண்டியில் ஏற்றிவிடுகிறோம், எங்கே கொட்டுகிறான் என்று நான் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. அது சரியில்லை என்று எனக்கும் தெரிகிறது. வழி இருந்தால் செய்வேன். கொஞ்சம் கட்டணம் என்றாலும் கட்டுவேன், கூலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

ரசாயனம்

அந்தத் தூள் சாதாரணமானது இல்லை தம்பி, தயவுசெய்து முகமூடி இல்லாமல் சுரண்டாதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பி.பி.எம்.) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் போடப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய் பெயின்ட்டில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் அதிகமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள். கீழே தார்ப்பாய் விரியுங்கள். வேலை முடிந்து அதே சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

உங்கள் கேள்வி நியாயமானது. குடியிருக்கும் வீட்டில் செய்த வேலையின் கழிவு, அளவு குறைவு என்றால் வீட்டுக் கழிவாகவே வாங்கலாம். ஹோட்டல் வேலை, மொத்த வீட்டையும் இடித்துச் சாமான் பிரிக்கும் வேலை என்றால் அது தொழில். அதற்குத் தனிப் பதிவும் கட்டணமும். கோடு எங்கே என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும். வாசலில் நிற்கும் ஊழியர் தலையில் அந்த முடிவைக் கட்டக் கூடாது.

செக்காலை சிஸ்டர்

மருந்தையும் ஊசியையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே பேசுகிறீர்கள், அதைப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்சுலின் போடுபவர் இல்லாத தெரு கிடையாது. ஊசியைக் கேரி பேக்கில் சுற்றிக் குப்பையில் போடுகிறார்கள். தூய்மைப் பணியாளர் பையை அழுத்திப் பிடிக்கும்போது குத்துகிறது. எங்களிடம் அப்படி வந்தவர்களுக்கு மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. சோதனை செய்து, முடிவு வரும்வரை அவர்கள் வீடே தூங்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி, முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி டேப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஊசியின் மூடியைத் திரும்பப் போடவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம்.

ஆனால் அந்த டப்பாவைப் பெயின்ட் தட்டுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக் கழிவிலேயே பல வகைகளை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் மருத்துவக் கழிவு வண்டியிலேயே இதையும் ஏற்றிவிட ஏற்பாடு செய்ய முடியும். மனுவில் சுகாதாரத் துறையையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாத்திரைக்கும் தனி வழி வேண்டும். கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2025-ல் கோழிக்கோட்டில் பழைய மருந்தைத் திரும்ப வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே வருஷம் வழிகாட்டுதல் வெளியிட்டது. டிரமடால் (கடுமையான வலிக்குத் தரும் மாத்திரை) போன்ற 17 மருந்துகளை மட்டும், வீட்டில் வேறு யாராவது எடுத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், உடனே கழிவறையில் போட்டு ஃபிளஷ் செய்துவிடச் சொல்கிறார்கள். மற்ற எதையும் அப்படிச் செய்யக் கூடாது. ஆன்டிபயாடிக் எல்லாம் தண்ணீரில் கலந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். மையத்தில் வாங்கும்போது அட்டையைக் குறுக்கே வெட்டியே வாங்க வேண்டும், வெட்டாத அட்டை மறுபடி விற்பனைக்குப் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

திண்ணைவாசி

டிரம் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். வேறு ஒன்று கேட்கிறேன். கொண்டு வந்து கொடுப்பவருக்கு ஏதாவது காசு கிடைத்தால் என்ன? டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியதுதானே. காட்டில் பாட்டில் கிடப்பது அதில் குறைந்தது. பூச்சிமருந்து டப்பாவுக்கும் அப்படி வைக்கலாமே.

கடல்கடந்தவன்

இங்கே பெயின்ட்டுக்கு அதன் உறவுக்காரத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஓரிகன் மாநிலம் 2009-ல் சட்டம் போட்டது, கலிஃபோர்னியாவில் 2012-ல் தொடங்கியது. பெயின்ட் வாங்கும்போதே டப்பாவுக்குச் சிறு தொகை சேர்த்து வாங்கிவிடுவார்கள். அது திரும்ப வராது. அந்தப் பணத்தில்தான் மிச்சப் பெயின்ட்டைச் சேகரிக்கிறார்கள், பெயின்ட் கடைகளிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். கொடுப்பவருக்குச் செலவு இல்லை, நகராட்சிக்கும் பாரம் குறைகிறது. ஆனால் இதைப் பேரூராட்சி தனியாகச் செய்ய முடியாது, மாநில அரசுதான் சட்டம் போட வேண்டும்.

ரசாயனம்

பூச்சிமருந்து டப்பாவுக்குக் காசு என்பதில் எனக்குத் தயக்கம். காசு என்றதும் சின்னப் பிள்ளைகள் கண்மாய்க்கரை, வயல்வரப்பு எல்லாம் தேடிப் பொறுக்குவார்கள். பாட்டிலில் ஒட்டியிருப்பது தண்ணீர் இல்லை.

மேற்பார்வையாளர்

எல்லாவற்றையும் படித்தேன். நான் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் தூய்மைப் பணி மேற்பார்வையாளர். ஊர்ப் பெயர் வேண்டாம்.

மையம் திறந்தால் அங்கே நிற்கப் போவது எங்கள் ஆட்கள். இதைப் பற்றி இந்த இழையில் இரண்டு பேர்தான் பேசியிருக்கிறீர்கள், அவர்களுக்கு நன்றி. இப்போது என் ஆட்களுக்குக் கொடுக்கப்படுவது துணிக் கையுறை. தின்னரும் ஆசிட்டும் அதில் ஊறி உள்ளே போகும், போடாமல் இருப்பதைவிட மோசம். ரப்பர் கையுறை, கண்ணாடி, கண் கழுவத் தண்ணீர்க் குழாய், மணல் வாளி, தீயணைப்பான், இத்தனையும் வந்த பிறகுதான் என் ஆளை அங்கே நிறுத்துவேன். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த செயல் அலுவலர் வந்ததும் மறந்துபோகும், நிபந்தனையாக எழுதுங்கள்.

பயிற்சி பெறாத ஆளை நிறுத்தக் கூடாது. சந்தேகமாக இருந்தால் வாங்க மறுக்கும் உரிமை அந்த ஆளுக்கு இருக்க வேண்டும். பட்டாசு, கேஸ் சிலிண்டர், பெயர் தெரியாத பீப்பாய், இதை யாராவது கொண்டு வந்து, கவுன்சிலர் சொன்னார் வாங்கு என்று சத்தம் போட்டால் அங்கே நிற்கும் பெண் என்ன செய்வாள்? மறுத்ததற்காக அவளுக்கு மெமோ கொடுக்கக் கூடாது. மறுத்தால் அந்தப் பொருளுக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். போகிற போக்கில் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதுவும் நடக்கும். வேலி, விளக்கு, கேமரா வேண்டும்.

செலவைப் பற்றி. ஒரு பேரூராட்சி தனியாக லாரி அமர்த்தினால் கட்டுப்படியாகாது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் மாதிரி பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு வாங்குமிடம், பொதுவாக ஒரு சேமிப்பறை என்று காரைக்குடி மாநகராட்சியோடு இணைந்தால் நடக்கும். சேமிப்பறையில் எதுவும் 90 நாளைக்கு மேல் இருக்கக் கூடாது, நிரம்பினால் வாங்குவதை நிறுத்திவிட்டு முதலில் காலி செய்ய வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று மாதா மாதம் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். எங்கள் மேல் நம்பிக்கை வர அது ஒன்றே வழி.

வளவு ஆச்சி

மேற்பார்வையாளர் ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு மனுவின் வரிசையையே மாற்றுகிறேன். முதல் பக்கம் முழுக்க வாங்கும் ஊழியரின் பாதுகாப்பும் மறுக்கும் உரிமையும். இரண்டாவது, எடுத்துப்போகும் ஒப்பந்தமும் 90 நாள் கெடுவும் பலகைக் கணக்கும். கொடுப்பவருக்கான நிபந்தனை அதற்குப் பிறகுதான்.

10 கிலோ வரம்பை இப்படி மாற்ற நினைக்கிறேன். சாதாரண மாதத்தில் 10 கிலோ. பூட்டிய வீட்டைத் திறந்து காலி செய்வதாக ஒரு வாரம் முன்பே சொன்னால், ஊழியரே வீட்டுக்கு வந்து பார்த்து, எது எதை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லி, குறித்த நாளில் வண்டியில் எடுக்க வேண்டும். அதற்கான செலவை வீட்டுப் பங்காளிகள் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு இவ்வளவு செலவழிக்கிற நாம் இதைக் கொடுப்பதில் முணுமுணுக்கக் கூடாது, எங்கள் வீட்டில் நான் பேசிவிட்டேன். வீட்டைச் சுற்றுலாவுக்கு விடுபவர்களும் இடித்து விற்பவர்களும் தொழில் கட்டணத்தில் வருவார்கள். பாலிஷ் தம்பி மாதிரி வீட்டு வேலை செய்பவர்கள் வீட்டின் தெருப் பெயரைச் சொல்லி வீட்டுக் கணக்கிலேயே கொடுக்கலாம்.

போகி விஷயத்தையும் சேர்க்கிறேன். போகிக்கு முந்தின வாரம் மையம் தினமும் திறந்திருக்க வேண்டும். டயரும் பெயின்ட் டப்பாவும் பிளாஸ்டிக்கும் எரிவது அந்த ஒரு நாளில்தான் அதிகம்.

பழைய இரும்பு

வண்டி வேண்டும் என்றால் என் டாடா ஏஸ் இருக்கிறது ஆச்சி. விஷச் சாமானுக்கு அனுமதி இல்லாமல் ஏற்ற மாட்டேன். என்ன அனுமதி, என்ன தட்டு அடிக்க வேண்டும் என்று சொன்னால் செய்துவிடுகிறேன்.

வாட்ச்மேன் மகள்

நன்றி ஆச்சி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான். மையம் வருகிறவரை அந்த மாதிரி டின் இருந்தால் என்ன செய்வது? அவர் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் மேல்தளத்தில் ஒன்று இருக்கிறதாம், அடி ஓட்டை.

ரசாயனம்

அப்பா அதைத் தூக்கவே வேண்டாம், தூக்கினால் அடித்தகடு கழன்று பொடி முழுவதும் கொட்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு, ரப்பர் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, அகலமான மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியைப் படுக்கையாகப் பக்கத்தில் வைத்து, டின்னைத் தகரத்தோடு மெதுவாக உள்ளே தள்ளி வாளியை நிமிர்த்தச் சொல்லுங்கள். கீழே கிடக்கும் பொடியைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் அதே வாளியில் போட்டு மூட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், அது முற்றத்து வழியாக ஊரணிக்குப் போகும். மூடியின் மேல் "பூச்சிமருந்து, திறக்காதே" என்று பெரிதாக எழுதி, அடுப்படியிலிருந்தும் குழந்தைகள் வரும் இடத்திலிருந்தும் தள்ளி, பூட்டிய அறையில் வைக்கட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவ வேண்டும், அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

தனியாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன், இரண்டு ஜோடி கையுறை என்னிடம் இருக்கிறது.